போனுக்குள் போன சேவைகள்: இடையாள் ஏன் மறையவில்லை?

கிழக்கிலங்கையில் களுவாஞ்சிகுடி, செங்கலடி, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று பிரதேச செயலகம் உள்ள எந்த ஊரை எடுத்தாலும், அதன் வாசலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருக்கும். போட்டோகொப்பி, ரீலோட், லெமினேட் என்று தொடங்கிய கடைகள் இவை. இன்று அங்கே நடக்கும் வேலை வேறு. நலன்புரிக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பது, பரீட்சைப் பெறுபேறு எடுப்பது, வெளிநாட்டு வேலைக்குப் படிவம் நிரப்புவது, பாஸ்வேர்ட் மறந்துபோன வங்கிச் செயலியைத் திரும்பத் திறந்து கொடுப்பது என்று பட்டியல் நீள்கிறது.

2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது. அரச நிறுவனங்களுக்கான கட்டணங்களை இணையத்தில் செலுத்தும் ‘கவ்பே’ 2025 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கப்பட்டது. இந்திய உதவியுடன் டிஜிட்டல் அடையாளத்துக்கான வேலையும் நடக்கிறது. இவற்றை அறிவிக்கும்போதெல்லாம் சொல்லப்படுவது ஒன்றுதான்: இனி அலைய வேண்டியதில்லை, இடையில் ஆளும் தேவையில்லை. அப்படியென்றால் கடையில் ஏன் இன்னும் வரிசை நிற்கிறது?

மக்களுக்கு அறிவு போதாது, பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்பது வழக்கமான பதில். அது பிழையான பதில். இந்தச் சேவைகள் ஒரு குறிப்பிட்ட வகை மனிதரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அவரிடம் தன் பெயரில் பதிந்த சிம் இருக்கும். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் பெயர் இருக்கும். படிக்கக்கூடிய கண் இருக்கும். மாதச் சம்பளமும் இருக்கும். இந்த நான்கும் ஒருவரிடமே அமைவது படுவான்கரைக் கிராமங்களில் மட்டுமல்ல, கல்முனை நகரத்திலும் குறைவு. விடுபட்ட இடத்தை நிரப்பவே இடையாள் வருகிறார். அவரை ஒழிக்கப் பார்க்காமல், அவர் இருப்பார் என்று கணக்கில் வைத்துச் சேவையை அமைப்பதுதான் சரி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடங்குமுன் மூன்று சொற்கள்

1. ஓடிபி: ஒரு தடவை மட்டும் செல்லுபடியாகும் இரகசிய இலக்கம். பெரும்பாலும் எஸ்.எம்.எஸ். ஆக வரும். ‘இந்தப் போன் இலக்கத்தை இந்த நேரத்தில் கையில் வைத்திருப்பவர்தான் கணக்குக்காரர்’ என்று தளம் எடுத்துக்கொள்வதற்கான அடையாளம் அது. வைத்திருப்பவர் உண்மையில் யார் என்பது அதற்குத் தெரியாது.

2. கியூஆர்: ஓர் இலக்கத்தையோ முகவரியையோ கறுப்பு வெள்ளைச் சதுரங்களாக எழுதும் முறை. அதைத் திரையில் காட்டலாம், கடதாசியில் அச்சடித்தும் காட்டலாம். இந்த இரண்டாவது வசதிதான் பின்னால் முக்கியமாகிறது.

3. சமூக உள்ளடக்கம்: ஒரு சேவைக்கு உரித்தான எல்லாரும் அதைத் தங்கள் பெயரில், தங்கள் விருப்பப்படி, ஏமாறாமல் பெறுவது. கணக்குத் திறந்தவர்களின் எண்ணிக்கை உயர்ந்தால் உள்ளடக்கம் உயர்ந்தது என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

‘எல்லாரிடமும் போன் இருக்கிறதே’

இலங்கையில் மக்கள்தொகையை விடப் பாவனையில் உள்ள சிம்களின் எண்ணிக்கை கூட. இந்த ஓர் எண்ணைக் காட்டி எல்லாரையும் போனில் எட்டலாம் என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒருவரே இரண்டு மூன்று சிம் வைத்திருப்பார். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரே போனும் இருக்கும். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஆளுக்கு ஒன்று என்று வந்துவிடும்.

இன்னோர் எண் டிஜிட்டல் எழுத்தறிவு வீதம். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் இதற்கு வைத்திருக்கும் வரைவிலக்கணத்தைப் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் பயன்படுத்த வேண்டும். கணினியையோ மடிக்கணினியையோ டெப்லெட்டையோ ஸ்மார்ட் போனையோ தானாக இயக்கத் தெரிந்த ஒருவர் டிஜிட்டல் எழுத்தறிவுள்ளவர். கணினி எழுத்தறிவுக்குத் திணைக்களமே தரும் உதாரணம், 5 வயதுப் பிள்ளை கணினியில் விளையாடத் தெரிந்திருந்தால் அதுவும் எழுத்தறிவுதான் என்பது. ஓர் ஆய்வுக்கு இப்படி எல்லை வைப்பதில் குற்றமில்லை. ஆனால் யூடியூப்பில் பாட்டுப் பார்க்கத் தெரிந்தவர் வங்கிச் செயலியில் பயனாளியைச் சேர்க்கவும் தெரிந்தவர் என்று அந்த எண் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய விடயம் வயது. இந்த ஆய்வு 5 முதல் 69 வயது வரையானவர்களைப் பற்றியது. வறுமையிலுள்ள மூத்தோருக்கான கொடுப்பனவு 70 வயது கடந்தவர்களுக்கு. அந்தக் கொடுப்பனவை வாங்குகிறவர்களில் ஒருவர்கூட அந்த வீதத்துக்குள் இல்லை. கொடுப்பனவை டிஜிட்டலுக்கு மாற்றலாமா என்ற கேள்விக்கு இந்த வீதத்தை ஆதாரமாகக் காட்டுவது அடிப்படையிலேயே தவறு.

போன் இருந்தாலும் இலக்கம் யாருடையது என்பது அடுத்த சிக்கல். கிழக்கில் அடிக்கடி காணும் நிலைமைகள் இவை:

1. தாயின் கையிலிருக்கும் சிம் மகனின் அடையாள அட்டையில் பதியப்பட்டது. சிம் தொலைந்தால் அதே இலக்கத்தில் புதிய சிம் எடுக்க மகன் வர வேண்டும். மகன் கட்டாரில் இருந்தால் அந்த இலக்கம் போனது போனதுதான்.

2. கணக்குத் திறக்கும்போது தாயிடம் போன் இல்லாததால் மகனின் இலக்கத்தையே கொடுத்திருப்பார்கள். பணம் வந்த மெசேஜ், ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். மகன் வெளிநாடு போய்விட்டால், தன் கணக்கில் பணம் வந்ததா என்று அறிய அவள் அங்கே அழைப்பெடுக்க வேண்டும்.

3. ரீலோட் செய்யாமல் கிடக்கும் முற்கொடுப்பனவு இலக்கத்தை நிறுவனம் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் துண்டிக்கும். பிறகு அதே இலக்கம் வேறொருவருக்கு விற்கப்படும். பழைய கணக்கில் அந்த இலக்கம் அப்படியே இருந்தால், ஓடிபி முன்பின் அறியாத ஒருவரின் போனுக்குப் போகும். வங்கிக்கோ செயலிக்கோ இது தானாகத் தெரிய வராது.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. பலருக்குத் தெரியாததும் அதுவே.

‘தமிழ் போட்டால் போதும்’

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அரச தளங்களின் மேல்மூலையில் தமிழுக்கு ஒரு பொத்தான் இருப்பதற்குப் பின்னால் அந்தக் கடப்பாடு இருக்கிறது. ஆனால் பொத்தானை அழுத்தியபின் முதல் பக்கம் தமிழில் வரும்; மூன்றாம் பக்கத்தில் வரும் பிழைச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். மனிதருக்கு மொழி அதிகம் தேவைப்படும் இடம் அந்தப் பிழைச் செய்திதான்.

வங்கி மெசேஜ்கள் ஏன் ஆங்கிலத்திலேயே வருகின்றன என்ற கேள்விக்கு அலட்சியம் மட்டுமே பதிலல்ல. அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஓர் எஸ்.எம்.எஸ். அடிப்படை ஆங்கில எழுத்தில் என்றால் 160 இடம் கொள்ளும். தமிழோ சிங்களமோ ஓர் எழுத்து நுழைந்துவிட்டால் முழு மெசேஜும் வேறு குறிமுறைக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் மெசேஜ் துண்டுகளாகப் பிரியும்; அப்போது ஒரு துண்டுக்கு 67 இடம்தான்.

அத்தோடு, தமிழில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து உள்ளே இரண்டு இடம் பிடிக்கும். ‘க’ ஓர் இடம். ‘க்’ என்றால் ககரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ‘கி’, ‘கொ’ எல்லாம் இரண்டு. ‘உங்கள் கணக்கில் பணம் வைப்பிலிடப்பட்டது.’ என்ற வசனத்தில் 22 எழுத்துகள்தான் இருக்கின்றன. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து அது பிடிக்கும் இடம் 39. எஞ்சிய 31 இடத்துக்குள் தொகை, கணக்கின் கடைசி இலக்கங்கள், திகதி, மீதி, நிறுவனத்தின் பெயர் எல்லாம் அடங்காது. ஆங்கிலத்தில் ஒரே மெசேஜாகப் போவது தமிழில் இரண்டாகவோ மூன்றாகவோ போகும். அனுப்பும் செலவும் அதற்கேற்ப ஏறும். இலட்சக்கணக்கில் மெசேஜ் அனுப்பும் நிறுவனம் ஆங்கிலத்தில் நின்றுவிடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தீர்வு இல்லாமலில்லை. ‘வரவு 15,000. மீதி 15,420. கணக்கு 4471’ என்று சுருக்கி எழுதினால் தமிழும் 70 இடத்துக்குள் வசதியாக அடங்கும். ஆங்கில வசனத்தை எழுதி முடித்துவிட்டு அதைத் தமிழாக்கும் இடத்தில்தான் நீளம் வருகிறது. தமிழிலேயே தொடங்கி எழுதுபவர் ஒருவர் அந்த மேசையில் இருந்தால் போதும்.

பார்வையற்றவர்களுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. போனில் திரைவாசிப்பு வசதி தமிழிலும் பேசும். ஆனால் நமது அலுவலகங்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சான கடிதங்கள் இன்னும் புழங்குகின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணால் பார்ப்பவருக்குத் தமிழ். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம். அதே கடிதத்தை அச்சடித்து, படம் பிடித்து வட்ஸ்அப்பில் போட்டால் வாசிக்க எழுத்தே இல்லை. தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்தாகவே அனுப்புவதற்கு ஒரு சதமும் கூடுதல் செலவில்லை.

ஒரே ஆள், இரண்டு இலக்கம், எட்டுப் பெயர்

கடை வரிசையில் நிற்பவர்களில் பலர் அங்கு வருவதற்கு ‘விபரங்கள் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரியே காரணம். இது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம்.

பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது; பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். அடுத்த மூன்று தொடர் இலக்கம், கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். 1970 பெப்ரவரி 14இல் பிறந்த பெண்ணுக்கு நாள் எண் 45. ஆகவே அவரது இலக்கம் 70545 என்று தொடங்கும்.

2016இலிருந்து வழங்கப்படும் புதிய இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது. ஆண்டு முழுதாக வரும், தொடர் இலக்கம் நான்காகும், எழுத்து இல்லை. பழைய அட்டைக்காரர் புதியதுக்கு மாறும்போது அதே பெண்ணின் இலக்கம் 1970545 என்று தொடங்கி, அடுத்து ஒரு 0 சேர்ந்து, பழைய தொடர் இலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும் பின்னால் வரும். ஆள் ஒருவர், இலக்கம் இரண்டு. இரண்டும் ஒன்றே என்று கண்டுகொள்ளச் சில வரி நிரல் போதும். அதை எழுதாத தளத்தில் வங்கிக் கணக்கு பழைய இலக்கத்திலும் நலன்புரிப் பதிவு புதிய இலக்கத்திலும் இருந்தால் அவர் இரண்டு பேராகிவிடுகிறார்.

இன்னொரு சிறிய பொறி: இந்த நாள் கணக்கில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். சாதாரண நாட்காட்டியை வைத்துக் கணக்கிடும் தளம், லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 1 தொடக்கம் பிறந்தவர்களுக்கு ஒரு நாள் பிசகிக் காட்டும். ‘பிறந்த திகதி பிழை’ என்று வரும். பிழை அவருடையதல்ல.

பெயர் இதைவிடக் கரைச்சல். பழைய அட்டையில் ஆங்கிலப் பெயர் இல்லை. அதனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு கருமபீடத்திலும் அந்த நேரத்தில் இருந்த எழுதுவினைஞரின் கையில் பிறந்தது. யோகேஸ்வரி என்ற பெயரின் முதல் எழுத்தை வை என்றும் ஜே என்றும் எழுதுவார்கள்; நடுவில் ஜி அல்லது கே; முடிவில் ஐ அல்லது வை. மூன்று இடத்திலும் இரண்டிரண்டு வழி, மொத்தம் எட்டு வடிவம். முகம்மது என்ற பெயருக்கு நிந்தவூரிலோ காத்தான்குடியிலோ ஒரே வகுப்பில் நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கும்.

படிவத்தின் ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்ற இரண்டு கட்டங்களும் நமது வழக்கத்துக்குப் பொருந்தாதவை. கந்தையா யோகேஸ்வரி என்றால் கந்தையா தகப்பன். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர், குடும்பப் பெயரல்ல. கலியாணத்துக்குப் பின் கணவரின் பெயரை முன்னால் போட்டால் இன்னொரு வடிவம். பாத்திமா என்று தொடங்கும் பெயரை முதற்பெயர்க் கட்டத்தில் போட்டால் அந்தப் பிரதேச செயலகப் பட்டியலில் நூற்றுக்கணக்கான பாத்திமாக்கள். நிரப்புபவர் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி நிரப்ப, பதிவுகள் ஒன்றையொன்று அடையாளம் காணாமல் போகின்றன.

அஸ்வெசும தொடங்கியபோது வகைக்கேற்ப மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று நான்கு தொகைகள் இருந்தன. 2,500 ரூபாய்க்குத் தகுதியானவர் ஓர் எழுத்து மாறியதற்காகச் சத்தியக்கடதாசிக்கும், கிராம உத்தியோகத்தர் சான்றுக்கும், வங்கிக்கு இரண்டு தடவை போய்வரும் பஸ்ஸுக்கும், அன்றைய கூலி இழப்புக்கும் கொடுப்பது ஒரு மாதக் கொடுப்பனவைத் தின்றுவிடும். வாகரையிலிருந்தோ கோமாரியிலிருந்தோ வருபவருக்கு அதைவிடக் கூட.

கடை மேசையில் என்ன நடக்கிறது

வழக்கமான ஒரு விண்ணப்பத்தைப் படிப்படியாகப் பார்த்தால் ஆபத்து எங்கே என்று தெரியும்.

1. தளம் மின்னஞ்சல் கேட்கிறது. வந்தவருக்கு மின்னஞ்சல் இல்லை. கடைக்காரர் ஒன்றை உருவாக்குகிறார்.

2. மின்னஞ்சல் உருவாக்கப் போன் இலக்கம் கேட்கிறது. வந்தவரின் போன் வீட்டில். கடைக்காரர் தன் இலக்கத்தைக் கொடுக்கிறார். இனி அந்தக் கணக்கை மீட்கும் திறப்பு அவரிடம்.

3. பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். மறந்தால் மறுபடி வரிசை என்பதால் எல்லாருக்கும் ஒரே மாதிரியான ஒன்றை வைத்து, பெயரோடு கொப்பியில் எழுதுகிறார்.

4. அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படம் பிடித்து ஏற்றுகிறார். படங்கள் கடைக் கணினியில் தங்குகின்றன.

5. ஓடிபி வருகிறது. வந்தவர் போனை நீட்டுகிறார். கடைக்காரர் பார்த்து அடிக்கிறார்.

6. ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று திரை சொல்கிறது. அச்செடுத்தால் கையில் சான்று, எடுக்காவிட்டால் ஒன்றுமில்லை.

இந்த ஆறில் எதுவும் களவு எண்ணத்தில் செய்யப்படுவதில்லை. ஒவ்வொன்றும் தளம் கேட்பதை வந்தவரிடம் இருப்பதோடு பொருத்தும் நேர்மையான முயற்சி. அந்தக் கடைக்காரர் இல்லாவிட்டால் விண்ணப்பமே போயிருக்காது. ஆனாலும் சில நூறு பேரின் கணக்குத் திறப்புகள் பூட்டில்லாத ஒரு லாச்சியில் சேர்ந்துவிடுகின்றன. கடை கைமாறினால், கணினி திருத்தக் கொடுத்தால், கொப்பி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அந்த மேசை வரைக்கும் அதன் செய்தி போய்ச் சேர வேண்டும்.

வங்கிகள் ‘ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள்’ என்று எச்சரிக்கின்றன. சரியான எச்சரிக்கை. ஆனால் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஒருவர் ஓடிபியைக் காட்டாமல் எந்த வேலையையும் முடிக்க முடியாதபடிதான் சேவை இருக்கிறது. சேவையைப் பெறுவதற்காகவே பத்துத் தடவை காட்டிப் பழகியவரிடம், பதினோராவது தடவை ஒரு மோசடிக்காரன் போனில் கேட்கும்போது மட்டும் மறுக்கச் சொல்வது நடவாத காரியம். உதவி பெறுவதும் ஏமாறுவதும் ஒரே செய்கையாக இருக்கும் வரை எத்தனை விழிப்புணர்வுப் பதாகை கட்டினாலும் பயன் குறைவு.

எரிபொருள் கியூஆர் ஏன் வேலை செய்தது

2022 ஜூலையில் வந்த எரிபொருள் கியூஆர் முறை 2023 செப்டம்பர் முதல் நாள் வரை இருந்தது. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அந்த நாட்களின் துன்பம் வேறு கதை. ஆனால் தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. கியூஆரை அச்சடித்துக் காட்டலாம். வாசிக்கும் கருவி எரிபொருள் நிலைய ஊழியரின் கையில். வாகனக்காரருக்கு ஸ்மார்ட் போன், டேட்டா, சார்ஜ் எதுவும் வேண்டியதில்லை. கொமினிகேஷனில் ஒரு தடவை பதிந்து, லெமினேட் செய்து, சைக்கிள் டேங்கில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். கிழவரும் எழுதத் தெரியாதவரும் அதே வரிசையில் அதே வேகத்தில் போனார்கள்.

கருவி வைத்திருக்க வேண்டிய பாரம் நிறுவனத்தின் பக்கம் இருந்தது, மக்களின் பக்கம் இல்லை என்பதே வித்தியாசம். இடையாளின் வேலையும் ஒரு தடவையோடு முடிந்தது. ஒவ்வொரு வாரமும் பாஸ்வேர்டைத் தேடி அவரிடம் போக வேண்டியிருக்கவில்லை. புதிய டிஜிட்டல் அடையாளத்தை வடிவமைப்பவர்கள் இந்த அனுபவத்தைக் கையில் எடுக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

கடைக்காரர் கியூஆரை ஏன் மேசைக்கு அடியில் வைக்கிறார்

வியாபாரத்திலும் இதே மாதிரி ஓர் எடுகோள் உண்டு: காசு புழங்குவதுதான் தடை, டிஜிட்டல் கொடுப்பனவு வந்தால் சிறு கடை வளரும்.

வெல்லாவெளியிலோ நாவிதன்வெளியிலோ பலசரக்குக் கடைக்கு வருபவர் வாங்குவது அரிசியும் சீனியும் மட்டுமல்ல. வெள்ளாமை வெட்டும் வரை தவணையும் வாங்குகிறார். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வரும்வரை கொப்பியில் எழுதப்படும். அந்தக் கொப்பியை எந்தச் செயலியும் பிரதியிடவில்லை. செயலி கேட்பது இப்போதே இருக்கும் பணத்தை. இல்லாததே அதுதான்.

கடையில் போனால் வங்கிப் பணம் செலுத்தும் லங்கா கியூஆர் மூலம் ஒருவர் 1,000 ரூபாய் செலுத்தினால் வங்கி ஒரு சிறு வீதத்தைக் கழிக்கலாம். 1 வீதம் என்று வைத்தாலே 10 ரூபாய். அரிசி, சீனி, மா போன்றவற்றில் கடைக்காரரின் இலாபமே மெல்லியது. அவருக்குச் சரக்குப் போடும் மொத்த வியாபாரி காசையோ பின்திகதியிட்ட காசோலையையோதான் கேட்பார். வங்கிக்குள் போன பணத்தை எடுக்கக் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். அதோடு, பணம் அனுப்பியதாகப் பழைய ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தன் போனுக்கு வரவு மெசேஜ் வந்ததா என்று பார்க்கும் முன் ஆள் போய்விடுவார். கடைக்காரரைப் பழமைவாதி என்று சொல்வது அநியாயம். அவர் கணக்குப் பார்க்கிறார்.

மருதமுனைக் கைத்தறிக்காரர்களுக்கு இணைய விற்பனை நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நூலுக்கு முன்பணம் வேண்டும், நெய்ய நாள் வேண்டும், கூரியரில் அனுப்பினால் வாங்குபவர் கொடுத்த காசு கைக்கு வர மேலும் நாள் வேண்டும், நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பி வந்தால் இரண்டு வழிக் கூலியும் நெய்தவர் தலையில். முகநூல் பக்கம் திறக்கப் பயிற்சி கொடுக்கும் திட்டங்கள் இந்த இடைவெளிக்குச் சுழல்நிதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் பயன் இருக்கும்.

கடன் கிடைப்பதை உள்ளடக்கம் என்று எண்ணியதன் விளைவு நமக்குப் புதிதல்ல. வாசலுக்கே வந்து கொடுத்த நுண்கடன் பெண்களை எந்த நிலைக்குத் தள்ளியது என்றால், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசு 2018இல் அறிவிக்க வேண்டி வந்தது. போன் செயலியில் சில நிமிடத்தில் கடன் என்பது அதே பொருள்தான். வேகம் மட்டும் கூட.

செய்யக்கூடியவை

நிறுவனங்கள் பக்கம்:

1. உதவியாளருக்குத் தனி நுழைவு. கொமினிகேஷன் கடைக்காரர், கிராம உத்தியோகத்தர் அலுவலகம், நூலகம், தபாலகம் போன்றவை பதிவு செய்துகொண்டு, தங்கள் பெயரில் நுழைந்து, மற்றவருக்காக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் யார் உதவினார் என்பது பதியப்படும். அதன்பின் வந்தவரின் பாஸ்வேர்ட் யாருக்கும் தேவைப்படாது.

2. ஓடிபிக்குப் பக்கத்தில் அது எதற்கு என்று தமிழில் ஒரு சொல். ‘விண்ணப்பம்’, ‘பணம் எடுத்தல்’ என்ற வேறுபாடு தெரிந்தால், விண்ணப்பத்துக்கு வந்தவர் பணம் எடுக்கும் இலக்கத்தைக் காட்டமாட்டார்.

3. பழைய, புதிய அடையாள அட்டை இலக்கங்களை ஒன்றாக எடுப்பது. பெயரில் எழுத்து மாறினால் நிராகரிக்காமல், இலக்கமும் பிறந்த திகதியும் பொருந்துகிறதா என்று பார்த்து, அலுவலர் ஒருவர் தீர்மானிக்க வழிவிடுவது.

4. கடதாசி வழியை மூடாமல் வைத்திருப்பது.

கடைக்காரர் பக்கம்: கட்டணத்தைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பாஸ்வேர்டை உங்கள் கொப்பியில் எழுதாமல் வந்தவரின் கையில் துண்டில் கொடுங்கள். மீட்பு இலக்கமாக அவர் வீட்டாரின் இலக்கத்தையே போடுங்கள். அடையாள அட்டைப் படங்களை அன்றன்று அழியுங்கள், குப்பைப் பகுதியிலிருந்தும். சமர்ப்பித்த பக்கத்தை அச்செடுக்காமல் யாரையும் அனுப்பாதீர்கள்.

வீட்டார் பக்கம்: பெயருக்கு ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தெரிந்தெடுங்கள். கடவுச்சீட்டோ புதிய அடையாள அட்டையோ இருந்தால் அதிலுள்ளதே முடிவு. அதை ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதி, வங்கிப் புத்தகத்தின் உள்மட்டையில் ஒட்டுங்கள். எந்தக் கருமபீடத்திலும் பெயரை வாயால் சொல்லாமல் துண்டை நீட்டுங்கள்.

வெளிநாடு போகிற பிள்ளை இருந்தால், பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே தாயின் பெயரில் ஒரு சிம் எடுங்கள். தாயை வங்கிக் கிளைக்கு அழைத்துப் போய், அடையாள அட்டையும் வங்கிப் புத்தகமும் கொடுத்து, கணக்கிலுள்ள போன் இலக்கத்தை மாற்றும் படிவத்தை அவர் கையெழுத்தில் கொடுங்கள். இரண்டு மூன்று வேலைநாள் கழித்து 100 ரூபாயை அந்தக் கணக்குக்கு அனுப்பிப் பாருங்கள். மெசேஜ் தாயின் போனுக்கு வந்தால் சரி. பழைய இலக்கத்துக்கே வந்தால் மாற்றம் பதியப்படவில்லை. படிவத்தின் பிரதியோடு மறுபடி கிளைக்குப் போங்கள். நலன்புரிப் பதிவிலுள்ள இலக்கம் வேறு பதிவு. அதைப் பிரதேச செயலகத்தில் தனியாக மாற்ற வேண்டும்.